பகல் ஒரு மணி வெயில்

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு மணிக்கு. தீவின் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இந்தக் கணக்குதான். சென்னையில் பன்னிரண்டை ஒட்டி வந்துபோகும் உச்சி, இங்கே சாப்பாட்டு நேரத்தின் நடுவில் வந்து நிற்கிறது.

தஞ்சோங் பகாரின் அலுவலகக் கோபுரங்கள் காலியாவதும் அந்த நேரத்தில்தான். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்கும் அமோய் ஸ்திரீட்டுக்கும் தஞ்சோங் பகார் பிளாசாவுக்கும் சாரை சாரையாக மக்கள் நடக்கிறார்கள். ஏசி அறையின் வறண்ட குளிரிலிருந்து 32 டிகிரிக்கு, காற்றில் ஈரம் கனக்கும் தெருவுக்கு. எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவருக்கு அந்த ஐந்து நிமிட நடையில் என்ன நடக்கிறது என்பது பக்கத்தில் நடப்பவருக்குத் தெரியாது. காலர் உரசும் கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், பை வார் அழுத்தும் தோள் என்று ஒவ்வொரு இடமாக அரிப்பு விழித்துக்கொள்ளும். வரிசையில் நிற்கும்போது ஒரு கை தட்டைப் பிடித்திருக்க, இன்னொரு கை தன்னையறியாமல் சொறிந்துகொண்டிருக்கும்.

இவர்கள் சிறு கூட்டம் அல்ல. ஏழு, பன்னிரண்டு, பதினாறு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 12,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு, அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எக்ஸிமா இருப்பதாகக் கணக்கிட்டது. பெரியவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உண்டு.

பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றே கால் டிகிரி தள்ளி இருக்கும் தீவு இது. வெயில் எக்ஸிமாவை ஆற்றும் என்றால் இங்கே அந்த நோயே இருக்கக்கூடாது. வெயில் எக்ஸிமாவைக் கிளப்பும் என்றால் உலகெங்கும் தோல் மருத்துவர்கள் நோயாளிகளைப் புற ஊதா விளக்குகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தியம் செய்யக்கூடாது. ஆனால் இரண்டும் நடக்கின்றன. தமிழ் வீடுகளிலும் இந்த இரண்டு குரல்களும் ஒரே கூரையின் கீழ் கேட்கும். "காலையில இளவெயில்ல கொஞ்சம் நில்லு, எல்லாம் உதிர்ந்துடும்" என்பார் பாட்டி. "வெயில்ல சுத்தாதே, இன்னும் கருத்துப்போவே" என்பார் அம்மா. பாட்டி சொல்வதில் மருத்துவம் இருக்கிறது. அம்மா சொல்வதில் மருத்துவம் கொஞ்சமும் ஊர் வாய் நிறையவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒளி செய்யும் வேலை

தோலின் மேலடுக்கில் ஃபிலாக்ரின் என்றொரு புரதம் இருக்கிறது. செல்களை இறுக்கிக் கட்டி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையாமலும் காப்பது அதன் வேலை. இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு பல மடங்கு என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மக்லீன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன்பின் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இங்குள்ள சீன நோயாளிகளைச் சோதித்தபோது, அதே மரபணுவில் ஐரோப்பியரிடம் காணாத வேறு பல பழுதுகள் கிடைத்தன.

ஃபிலாக்ரின் உடைந்து சிதையும்போது யூரோகானிக் அமிலம் என்ற பொருள் உண்டாகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டதும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வது இந்த அமிலம். வாங்கிய மாத்திரத்தில் அதன் மூலக்கூறு வடிவம் மாறுகிறது. மாறிய வடிவம் தோலின் நோய் எதிர்ப்புப் படையை 'அடங்கு' என்று சமாதானப்படுத்துகிறது. எக்ஸிமா என்பதே அந்தப் படை தேவையில்லாமல் கொதித்து எழுவதுதான். கதிர்கள் இன்னும் சில வேலைகளும் செய்கின்றன. அழற்சியைத் தூண்டும் டி செல்களைக் குறைக்கின்றன. தோலில் வைட்டமின் டி உண்டாகி, அதன் வழியே கிருமியைக் கொல்லும் புரதங்கள் பெருகுகின்றன. எக்ஸிமாத் தோலில் கூடாரமடிக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி இதனால் குறைகிறது. பாட்டியின் இளவெயிலுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். அங்கிருந்து தொடங்கிய வழி, 311 நானோமீட்டரைச் சுற்றிய குறுகிய பட்டையில் மட்டும் கதிர் வீசும் விளக்கில் வந்து நின்றது. இங்கிலாந்தில் 73 பெரியவர்களை வைத்துச் செய்த சோதனை 2001இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வாரம் இரண்டு முறை, பன்னிரண்டு வாரங்கள். ஒரு பிரிவுக்கு இந்தக் குறுகிய பட்டை ஒளி, மற்றொன்றுக்கு வேறு வகைப் புற ஊதா ஒளி, இன்னொன்றுக்குச் சாதாரண வெளிச்சம். குறுகிய பட்டை ஒளி பெற்றவர்களே மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். மிடில் ரோடு மருத்துவமனைக்குப் பதிலாக 1988இல் மண்டலே ரோட்டில் திறந்த நம் தேசிய தோல் நிலையத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆளுயர விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் நிற்கவேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள்.

களிம்புகள் போதாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு மூன்று மாதம் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, நிலையம் இருக்கும் நொவீனா வரை போய்வருவது எல்லோராலும் முடிவதல்ல. நோயைவிட அந்த அனுமதியைக் கேட்பதுதான் பலருக்குக் கூச்சம். மேலாளர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அழகு நிலையத்துக்குப் போவதாக நினைத்து முகம் சுளிக்கக் கூடாது.

பெட்டிக்குள் இருப்பது ஒளி மட்டும். தேவையான அலைநீளம், அளந்த நேரம், குறைந்த சூடு. மேக்ஸ்வெல் ரோட்டின் ஒரு மணி வெயிலில் ஒளியோடு வெப்பமும் புழுக்கமும் வியர்வையும் சேர்ந்தே இறங்குகின்றன. நம்மை வாட்டுவது பெரும்பாலும் அந்தச் சேர்மானம்தான்.

வியர்வை

2013இல் ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை ஒரு புரதத்தை வெளியிடுகிறது. அது வியர்வையில் கலந்து வருகிறது. எக்ஸிமாக்காரர்கள் பலரின் உடல் அந்தப் புரதத்தை எதிரியாகப் பார்த்து ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறது. உடனே அரிப்பு. 'என் வியர்வையே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நோயாளிகள் காலகாலமாகச் சொல்லிவந்ததை மனப் பிரமை என்று தள்ளியவர்கள் உண்டு. அது பிரமை அல்ல.

வியர்ப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புது வியர்வையில் தோலுக்கு ஈரமும் கிருமியை எதிர்க்கும் பொருளும் இருக்கின்றன. தோலிலேயே தங்கிவிடும் வியர்வைதான் தொல்லை. காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தொடும் ஊரில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து மடிப்புகளில் தேங்குகிறது. பிறகு ஏசிக்குள் நுழைந்ததும் நீர் சட்டென்று காய்ந்து, உப்பு மட்டும் வெடித்த தோலில் படிகிறது. சாப்பிட்டுவிட்டு இடத்தில் வந்து அமர்ந்த பிறகுதான் பலருக்கு அரிப்பு உச்சத்துக்குப் போகும் காரணம் இது. வெயில்மீது பழி விழுகிறது. பாதி வேலையைச் செய்தது ஏசி.

வெப்பமண்டல நாடுகள் முன்னேறியதற்கு ஏசியே முதன்மையான காரணங்களில் ஒன்று என்று திரு லீ குவான் இயூ சொல்லியிருக்கிறார். 1955 முதல் 2015இல் மறையும்வரை அவர் மக்கள் பேராளராக இருந்தது இதே தஞ்சோங் பகாருக்குத்தான். அவர் சொன்னது உண்மை. அந்தக் குளிரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான தோல்கள் ஒரு நாளில் நான்கைந்து முறை இரண்டு பருவங்களுக்கு இடையே தாவுகின்றன என்பதும் உண்மை.

இதற்குச் செய்யவேண்டியது சுலபம், ஆனால் யாரும் சொல்லித்தருவதில்லை. உள்ளே வந்ததும் கழுத்தையும் கை மடிப்புகளையும் வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காய்வதற்குள் ஈரப்பதக் களிம்பு பூசவேண்டும். மேசை இழுப்பறையில் ஒரு சிறு குப்பி போதும். ஜப்பானில் எக்ஸிமா உள்ள மாணவர்களைப் பள்ளியிலேயே பகலில் குளிக்கவைத்துப் பார்த்தார்கள். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் குளித்ததற்கே நோய் தணிந்தது. நம் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பு முடிந்ததும் நேராகக் கணித வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு முகம் கை கழுவ ஐந்து நிமிடம் கொடுத்தால், அது பெரிய சலுகை ஆகிவிடாது. கிட்டப்பார்வையைத் தடுக்கப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புங்கள் என்று இங்கே வற்புறுத்துகிறார்கள்; எக்ஸிமாவைச் சொல்லி அவர்களை வீட்டுக்குள் அடைத்தால் கண் கெடும். மர நிழலில் விளையாடினாலும் கண்ணுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கும்.

நிறம்

இப்போது அம்மாவின் குரலுக்கு வருவோம். எக்ஸிமா ஆறிய இடத்தில் நம் நிறத்தவருக்குக் கரும்புள்ளியோ கருந்திட்டோ மாதக்கணக்கில் தங்கும். அதன்மேல் வெயில் பட்டால் கருமை கூடும், மறைய நாளாகும். அம்மா சொல்வதில் இதுவரைதான் மருத்துவம். மிச்சமெல்லாம் கல்யாணச் சந்தையின் கணக்கு. பத்து வயதுப் பெண் பிள்ளையை நோய்க்காக அல்ல, நிறத்துக்காக வெயிலிலிருந்து ஒளித்து வளர்க்கும் வீடுகள் லிட்டில் இந்தியாவைச் சுற்றியும் இருக்கின்றன, செங்காங்கிலும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை தன் தோலில் இரண்டு குற்றங்கள் இருப்பதாக நம்பிக்கொண்டு வளர்கிறது.

சிலருக்கு நேர்மாறாகக் கன்னத்தில் வெளிர் திட்டுகள் தோன்றும். தேமல் என்று வீட்டில் சொல்வார்கள். பல பிள்ளைகளுக்கு இது எக்ஸிமாவின் இலேசான வடிவம். வெயிலில் சுற்றியுள்ள தோல் கருத்து, திட்டு மட்டும் வெளுப்பாகவே நிற்பதால் எடுப்பாகத் தெரியும். வெண்புள்ளி நோயோ என்று பெற்றோர் நடுங்கிப்போவார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஈரப்பதக் களிம்பும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் தானாகச் சீராகிவிடும். சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

பழைய மருத்துவப் பாடநூல்கள் எக்ஸிமாவை வெள்ளைத் தோலில் செந்நிறமாகவே காட்டின. நம் தோலில் அது செம்மையாகத் தெரிவதில்லை. ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் பூத்தோ, மயிர்க்கால்களைச் சுற்றிச் சொரசொரப்பான சிறு புடைப்புகளாகவோ இருக்கும். சிவப்பைத் தேடும் கண் நோயின் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடும். மருத்துவரிடம் போகும்போது, இரவில் எத்தனை முறை அரிப்பால் விழிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிற ஆசை கொண்டுவரும் இன்னொரு கேடு களிம்பு. ஊருக்குப் போய்வருபவர்களின் பெட்டியில் வீரியமான ஸ்டீராய்டு களிம்புகள், முகம் வெளுக்கும் என்ற பெயரில் இன்னும் வருகின்றன. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, சிறு வெயில் பட்டாலே எரியும். இந்தியாவில் தோல் மருத்துவர் சங்கம் நெடுங்காலம் போராடி, 2018இல்தான் இவற்றில் 14 மருந்துகள் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குப் போயின. இயற்கை மருந்து என்று விற்கப்படும் களிம்புகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதற்காக மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு ஓடவேண்டாம். சொன்ன இடத்தில், சொன்ன வீரியத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசினால் எக்ஸிமாவுக்கு அதுதான் முதல் மருந்து.

வெயிலோடு சேரக்கூடாதவை

வெயிலை மருந்தாக்கும் அறிவு நம் மரபில் உண்டு. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு நாள் கணக்கில் வெயிலில் வைத்தால், எண்ணெய் கருஊதாவாக மாறும். செதில் உதிரும் தோல் நோய்க்கு அதைப் பூசி இளவெயிலில் நிற்கச் சொல்வது சித்த வைத்தியம். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி. அதில் இருக்கும் சோராலன், தோலைப் புற ஊதாக் கதிருக்குப் பல மடங்கு கூர்மையாக்கும் பொருள். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலன் மாத்திரையையும் விளக்கையும் சேர்த்து ஒரு சிகிச்சையையே உருவாக்கினார்கள். இத்தனை வலுவுள்ள பொருளை அளவு தெரியாமல் எக்ஸிமாப் புண்மேல் பூசிக்கொண்டு நண்பகலில் வெளியே போனால் தோல் வெந்துவிடும். எலுமிச்சையிலும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது. அரிப்புக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போய், கொப்புளமும் பிறகு கருங்கோடுகளுமாக வருபவர்கள் உண்டு. எக்ஸிமாவின்மேல் எலுமிச்சை வேண்டாம், எந்த நேரத்திலும் வேண்டாம்.

எக்ஸிமாவுக்குத் தரும் சில மருந்துகளும் அப்படித்தான். டாக்ரோலிமஸ் களிம்பு பூசுபவர்கள் வெயிலைக் குறைத்துக்கொள்ளவேண்டும். அசாதயோபிரின் சாப்பிடுபவர்களின் தோல் கதிருக்கு எளிதில் பழுதாகும். சைக்ளோஸ்போரினையும் ஒளிச் சிகிச்சையையும் ஒன்றாகத் தரமாட்டார்கள்.

சிறுபான்மையோருக்கு வெயிலின் ஒளியே நோய். முகம், பிடரி, புறங்கை என்று துணி மறைக்காத இடங்களில் மட்டும் தடித்து அரித்தால் அப்படிச் சந்தேகிக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் இது அதிகம். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1950களில் இந்தியாவுக்குள் பரவி இன்று எல்லாத் தரிசிலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியின் தூள் காற்றில் வந்து தோலில் ஒட்டி ஒவ்வாமை உண்டாக்கும். ஆண்டுகள் போனால் சிலருக்கு அது ஒளி ஒவ்வாமையாகவே நிலைத்துவிடும். இவர்களுக்கு இளவெயிலும் ஆகாது. தோல் நிலையத்தில் ஒளிச் சோதனை செய்து உறுதிப்படுத்தவேண்டும்.

நிழல்

மற்றவர்களுக்கு என்ன வழி? கடிகாரத்தை நினைவில் வையுங்கள். காலை எட்டரைக்கு எம்ஆர்டியிலிருந்து இறங்கி அலுவலகம் நடப்பவர் மேல் படுவது, சூரியக் கணக்குப்படி ஏழரை மணி வெயில். அது உண்மையான இளவெயில். அதை ரசித்து நடக்கலாம். பதினொன்றிலிருந்து மூன்று வரை வேறு கதை. தேசிய சுற்றுப்புற வாரியம் புற ஊதாக் குறியீட்டைக் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கு மணி வெளியிடுகிறது. மேகமில்லாத நாளில், அதுவும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அந்த எண் 11ஐத் தாண்டி 'மிகக் கடுமை' என்ற நிலைக்கும் போகும். மூன்றுக்குக் கீழே இருக்கும்போது கவலை இல்லை. மெல்லிய மேகம் வெப்பத்தை மறைக்குமே தவிர, கதிரை அவ்வளவாகத் தடுக்காது. கண்ணாடிக் கோபுரத்தில் சன்னலோரம் அமர்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும், தோலைக் கருக்கவைக்கும் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விடும். நன்மை வெளியே நிற்க, கருந்திட்டு மட்டும் உள்ளே வருகிறது. சன்ஸ்கிரீன் எரிச்சல் தந்தால் துத்தநாக ஆக்சைடு வகையை முயன்றுபாருங்கள். நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும் என்றாலும் எரியாது.

ஒரு மணிக்கு நடந்தே ஆகவேண்டும் என்றால், தஞ்சோங் பகாரில் நல்ல துணை ஒன்று இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியாக மூடிய நடைவழி விடவேண்டும் என்று விதித்தார். அதுதான் நாம் அஞ்சடி என்று சொல்லும் ஐந்தடிப் பாதை. 1989இல் தஞ்சோங் பகாரும் லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டதால் அவை இன்றும் நிற்கின்றன. கியோங் சைக் ரோட்டில் லயன் சித்தி விநாயகர் கோயில் பக்கம் போனாலும், நீல் ரோட்டில் இறங்கினாலும், வழியின் பெரும்பகுதியை நிழலிலேயே கடக்கலாம். இரண்டு நிமிடம் சுற்றானாலும் தோல் நன்றி சொல்லும்.

நிழலைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். 1864இல் இங்கே கப்பல்துறை நிறுவனம் தொடங்கிய காலத்துக்குப் பின் இந்தக் கரையில் வெயிலில் சுமை தூக்கியவர்களில் தமிழர்களும் உண்டு. இன்று அதே வட்டாரத்தில் கட்டடம் எழுப்பும் தம்பிகள் முழுக்கைச் சட்டை, கையுறை, ரப்பர் பூட்ஸ், இடுப்பு வார் எல்லாம் அணிந்து நிற்கிறார்கள். வெயிலின் ஒளி அவர்கள் தோலில் படுவது குறைவு. உள்ளே வியர்வை ஊறுவது அதிகம். அதோடு சிமெண்ட் ஈரம் சேர்ந்தால் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் எக்ஸிமா வெடிக்கும். காலையில் ஊறிய உடம்பைக் கழுவ, இரவு லாரியில் விடுதி திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளின்படி, வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வு தரவேண்டும். 33ஐ எட்டினால் 15 நிமிடம். மயங்கி விழாமல் காக்க வந்த நல்ல விதி அது. ஓய்வுக்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் தருகிறார்கள். அந்த இடத்திலேயே கழுத்தையும் கைகளையும் பூட்ஸைக் கழற்றிக் கால்களையும் கழுவிக்கொள்ள ஒரு குழாயும், பக்கத்தில் ஒரு பெரிய டப்பா ஈரப்பதக் களிம்பும் வைக்கும்படி குத்தகையாளர்களைக் கேட்கிறேன். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதற்குப் போதும்.